யுத்தம் முடியமுன் ஒரு வெள்ளிக் கிண்ணம்

“யுத்தம் எத்தினை மணிக்குத் தொடங்கினது?” என்று கேட்டார் அத்தான்.

“திங்கட்கிழமை காலமை ஆறேகால்,” என்றார் மயில்வாகனத்தார். பேரன் பிறந்த நேரம் சொல்லுகிறவரைப் போல முகமெல்லாம் பூரிப்பு.

“வடிவாய்த் தெரியுமோ?”

“என்ன கதை கதைக்கிறியள்! மூண்டு வருசமாய்க் காத்திருந்தனான். மணிக்கூட்டைப் பார்த்தெல்லோ எழுதி வைச்சிருக்கிறன்!”

இந்த இடத்தில் என்னை நானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அத்தான் செய்யமாட்டார். என் பெயர் யூலிற்றா. முல்லைத்தீவில் ‘துப்பறியும் அல்பேர்ட்’ என்று பலகை தொங்கவிட்டிருக்கிற இந்த மனுசன் என் அக்காவின் புருசன். அறிக்கைகளைத் தட்டச்சில் அடிக்கவென்று என்னை வேலைக்கு வைத்தார். இரண்டு வருடத்தில் ஒரு அறிக்கையும் எழுதவில்லை. அதனால் நான் வாயை மட்டும் பாவித்துக்கொண்டு அவர் பின்னால் திரிகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டோரத்தில் கிடக்கிற கருங்காலிக்குளத்துக்கு நாங்கள் வந்தது ஒரு களவு விஷயமாக. குளத்துத் துருசை, அதாவது மதகை, திறந்து தண்ணீர் விடுகிற திறப்பை, அதாவது சாவியைக் காணவில்லை. மடியில் செருகுகிற திறப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாலரை அடி இரும்புத் தண்டு, தலையில் குறுக்குப் பிடி, தூக்கினால் மூச்சு வாங்கும். இடக்கரைக்கு ஒரு துருசு, வலக்கரைக்கு ஒரு துருசு, இரண்டுக்கும் அந்த ஒரே திறப்புத்தான்.

திங்கள் விடிய வலக்கரையின் தண்ணீர் முறை. திறப்பு இல்லை. இடக்கரையார் ஒளித்துவிட்டார்கள் என்று வலக்கரை பொல்லுத் தடியோடு கிளம்பியது. வியாழன் இடக்கரையின் முறை. அப்போதும் திறப்பு இல்லை. பழி அப்படியே திரும்பி வலக்கரைக்கு வந்தது. நெல்லோ குடலைக்கு வந்து கதிர் தள்ளக் காத்து நிற்கிறது. இன்னும் ஒரு நாள் இரண்டு நாள் தண்ணீர் போகாவிட்டால் இரண்டு கரையும் பதரைத்தான் அள்ள வேண்டும். நாங்கள் போய் இறங்கிய சனிக்கிழமைக்குள் வலக்கரையார் இரண்டு எருமைகளையும், இடக்கரையார் ஒரு தையற்காரரை மெசினோடும் சிறைப்பிடித்திருந்தார்கள். தையற்காரருக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று நேரமும் சாப்பாடு கொடுத்து, ஊரிலுள்ள கிழிசலையெல்லாம் அவர் முன்னால் குவித்திருந்தார்கள்.

எங்களைக் கூப்பிட்டது கமலாசனி அக்கா. துருசுக் காவலாளி ஏரம்புவின் மனைவி.

“இண்டைக்கு நாலு மணிக்குள்ளை திறப்பு வராட்டி இவரை வேலையாலை நிப்பாட்டுறன் எண்டு எஞ்சினியர் ஐயா சொல்லிப்போட்டார், அண்ணை,” என்றா. “குவாட்டர்சும் போயிடும். யாழ்ப்பாணத்திலை எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கொட்டிலும் இல்லை. இவர் களவெடுக்கிற மனுசனோ? ஒரு எறும்பைக் கண்டாலும் விலத்தி நடக்கிறவர்!”

பக்கத்தில் ஏரம்பு அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பாவி மனுசனைப் பலி கொடுக்கப் பார்க்கிறார்களே என்று வந்த கோபத்தில், யாரைக் கடிக்கலாம் என்று சுற்றிப் பார்த்தேன். அகப்பட்டவர் மயில்வாகனத்தார்.

மயில்வாகனத்தார் இளைப்பாறிய போஸ்ற்மாஸ்ரர். குளக்கட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபமும், அதற்குள் ஒரு கண்ணாடி அலுமாரியும், ‘யுத்தகாலக் கலை இலக்கிய சபை’ என்ற பெயரும் அவருடைய பொறுப்பில் இருந்தன. ஹிட்லர் சண்டைக்காலத்தில் மரம் விற்றுப் பணம் பார்த்த கனகலிங்க முதலாளி என்பவர் எழுதிவைத்த சபை அது. யுத்தகாலத்தில் மக்கள் மனம் சோராதிருக்க வருடா வருடம் பத்திரிகைக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று, சங்கீதத்துக்கு ஒன்று என்று மூன்று வெள்ளிக் கிண்ணம் கொடுக்க வேண்டும். நல்ல மனுசன். ஆனால் உறுதிப் பத்திரத்தில் ‘இப்பகுதி மக்களைப் பாதிக்கும் யுத்தம் நடக்கும் வேளையில் மாத்திரம்’ என்று எழுதிவிட்டு, சமாதானம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் செத்துப்போனார்.

அன்றிலிருந்து சபைக்கு யுத்தம் தேடுவதே வேலையாகிவிட்டது. கொரியாச் சண்டையால் ஒட்டுசுட்டானில் சீனி விலை ஏறியது என்று மூன்று வருடம் ஓட்டினார்கள். சூயெஸ் கால்வாய்ச் சண்டை கொஞ்ச நாளில் முடிந்துபோக, மயில்வாகனத்தார் காய்ச்சலில் படுத்தார். 1957இல் வயலுக்குள் யானை இறங்கியது. அதை யுத்தம் என்று பதிந்து, கிண்ணங்களில் பெயரும் பொறித்து, விழாவுக்கு இலையும் போட்டாயிற்று. விழாவன்று காலமை யானைகள் காட்டுக்குள் போய்விட்டன. யுத்தம் இல்லை, பரிசும் இல்லை. பிறகு மூன்று வருடம் ஈ எறும்பு கூடச் சண்டைக்கு வரவில்லை. இந்த 1961 தை மாதம்தான் சபைக்கு மறுபடி விடிந்திருக்கிறது.

“பின்னேரம் மூண்டு மணிக்கு விழா,” என்று மயில்வாகனத்தார் ஒரு நோட்டீசை நீட்டினார். “எஞ்சினியர் ஐயாதான் பிரதம விருந்தினர். இந்தமுறை பத்திரிகைக்கும் இலக்கியத்துக்கும் புதுசாய்த் தெரிவு. சங்கீதத்துக்கு அந்த அம்பத்தேழாம் ஆண்டுத் தெரிவு அப்பிடியே நிக்குது.”

மஞ்சள் தாளில் கொட்டை எழுத்து: ‘இடக்கரை–வலக்கரை யுத்தகாலப் பரிசளிப்பு விழா.’ அத்தான் அதைத் தடவிப் பார்த்தார். மணந்தும் பார்த்தார். இந்த மனுசன் எதையும் மணக்காமல் விடமாட்டார்.

“நல்ல அச்சு. எப்ப வந்தது?”

“செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸிலை கட்டாய் வந்திறங்கினது. நல்ல செய்தி எவ்வளவு கெதியாய்ப் பரவுது பாருங்கோ!”

“எங்கை அடிச்சது?”

“புளியங்குளத்துச் சந்தியிலை.”

அத்தான் நோட்டீசை மடித்துப் பையில் வைத்தார். குளக்கட்டில் ஏறியதும் நான் அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அத்தான், திங்கட்கிழமை காலமை தொடங்கின சண்டைக்குச் செவ்வாய்க்கிழமை காலமை நோட்டீசு எப்பிடி வரும்? எங்கட பங்குத் திருநாளுக்கே ஒரு கிழமை இழுத்தடிக்கிறாங்கள்! சண்டை வரப்போறது முந்தியே தெரிஞ்ச ஆள்தான் கள்ளன். அது இந்தப் போஸ்ற்மாஸ்ரர்தான். பிடியுங்கோ!”

“பிடிச்சு?”

“கட்டுங்கோ!”

“கயிறு கொண்டுவரேல்லை,” என்றார் அத்தான். “பஸ் வருது. ஓடு.”

புளியங்குளத்துக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. வழியில் நெடுங்கேணியில் ஒரு மனுசி மூன்று கோழியோடு ஏறி, இரண்டை என் மடியில் வைத்தா. துப்பறியும் வேலையில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

அச்சகக்காரர் பாலன் மூக்கு நுனிவரை மையோடு இருந்தார். நோட்டீசைப் பார்த்ததும் கம்பியில் குத்தியிருந்த தாள்களைக் கிளறி ஒன்றை உருவினார்.

“இதுதான் மூலப் பிரதி. போன கிழமை வியாழன் கொண்டக்டர் கையிலை வந்தது.”

“சண்டைக்கு நாலு நாள் முந்தி!” என்று நான் கத்தினேன். “எழுத்து ஆற்றை?”

“மயில்வாகனத்தாற்றை எழுத்துத்தான். அவர் ஒவ்வொரு மார்கழியும் எழுதி அனுப்புறவர். யுத்தத்தின்ரை பேருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். ‘யுத்தம் வந்தபின் நிரப்பி அச்சிடவும்’ எண்டு கீழை ஒரு குறிப்பு. மூண்டு வருசமாய் வெறுமையாய் வந்து குப்பையிலைதான் போனது. இந்தமுறை நிரப்பியே வந்திருந்தது. பாவம் மனுசனுக்குக் கடைசியாய் ஒரு சண்டை அகப்பட்டிட்டுது எண்டு உடனை அடிச்சனான்.”

அத்தான் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தெல்லாம் கறுப்பு மை, போஸ்ற்மாஸ்ரரின் குண்டு குண்டான கையெழுத்து. ‘இடக்கரை–வலக்கரை’ என்ற இரண்டு சொல் மட்டும் ஊதா. சாய்ந்த எழுத்து, வேறு கை.

“யூலிற்றா, இது என்னத்தாலை எழுதினது?”

“கொப்பிப் பென்சில். ஈரம் பட்டால் ஊதாவாகும், பிறகு அழியாது. எங்கட பள்ளிக்கூடத்திலை சிஸ்டர் தொடவிடமாட்டா.”

“ஏன்?”

“நாக்கிலை தொட்டுத் தொட்டு எழுதுவம் எண்டுதான். நாக்கு ரண்டு நாளைக்கு...” அதோடு என் வாய் தானாக நின்றது. அத்தான் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. என் வாயிலிருந்து வந்த துப்புக்கு அவர் ஏன் சிரிக்க வேண்டும்?

விறகு லொறி ஒன்றில் தொற்றி நாங்கள் திரும்பி வரும்போது மணி இரண்டு. மண்டபத்துக்குள் மயில்வாகனத்தார் அலுமாரியிலிருந்து கிண்ணங்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடையில் ஏரம்பு அண்ணை, பொழுது போகாமலோ என்னவோ, தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். ஒலிவாங்கிக்குக் கால் இல்லை என்று மணல் நிரப்பிய தகரத்தில் ஒரு தண்டை நட்டு, வண்ணக் கடதாசி சுற்றி, உச்சியில் ஒலிவாங்கியைக் கட்டிவைத்ததும் அவர்தானாம்.

“செயலாளர் ஐயா, ஒருக்கா நாக்கை நீட்டுங்கோ,” என்றார் அத்தான்.

“ஏன், எனக்கு என்ன வருத்தம்?”

“நீட்டுங்கோவன்.”

நீட்டினார். வெற்றிலைச் சிவப்பு. அழகான, சுத்தமான, குற்றமற்ற சிவப்பு. எனக்கு ஏமாற்றமாய்ப் போய்விட்டது. காலையிலிருந்து அந்த மனுசனை மனதுக்குள் நான் இரண்டு தரம் மறியல் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

“சரி, நல்ல சுகம்,” என்றார் அத்தான். “நீங்கள் போய் எஞ்சினியர் வாற வழியைப் பாருங்கோ.” மயில்வாகனத்தார் நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். அத்தான் மேடைப் பக்கம் திரும்பினார். “ஏரம்பு அண்ணை, தண்ணீர் முறைச் சிட்டுத் துண்டு என்னத்தாலை எழுதுறனீங்கள்?”

“கந்தோரிலை தாற பென்சிலாலை. திறப்பு வந்தால் குடுக்க இண்டைக்கும் எழுதினனான்,” என்றார் ஏரம்பு அண்ணை. அவ்வளவு சொல்லத் திறந்த வாய்க்குள் நாக்கு நாவற்பழம் தின்றதுபோல ஊதாவாய்க் கிடந்தது.

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவருடைய வாயைப் பார்த்தோம். மெல்ல வாயை மூடினார். பிறகு மேடைப் படியில் இருந்துவிட்டார்.

“தபாலைப் பஸ்ஸிலை ஏத்திவிடச் சொல்லி மயில்வாகனத்தார் என்னட்டைத்தான் தந்தவர்,” என்றார். “உறை ஒட்டியிருக்கேல்லை. இடம் வெறுமையாய் இருந்தது. ஒரு விசரிலை எழுதிப்போட்டன். எழுதினாப் பிறகு சண்டை வரத்தானே வேணும்? ஞாயிறு பொழுதுபடேக்கை திறப்பை எடுத்து ஒளிச்சிட்டன்.”

“உங்கட திறப்பை நீங்களே களவெடுத்து, உங்கட வேலையை நீங்களே துலைச்சு...” நான் அவர் முன்னால் போய் நின்றேன். “ஏனண்ணை? உங்களுக்கு என்ன கோதாரி பிடிச்சது?”

அவர் மேசையிலிருந்த மூன்றாவது கிண்ணத்தைக் காட்டினார். அப்போதுதான் நான் அதை வடிவாய்ப் பார்த்தேன். ‘சங்கீதம், 1957. திருமதி கமலாசனி ஏரம்பு.’

“யானைக் காவலுக்குப் பரணிலை இருந்து அவா படிச்ச பாட்டுக்கு, பிள்ளை. யாழ்ப்பாணத்தாலை வந்த பாகவதர் கேட்டுப்போட்டு, இதுதான் முதற்பரிசு எண்டு எழுதிக் குடுத்தவர். விழாவண்டைக்கு யானை போயிட்டுது. பரிசு இல்லை. அண்டையிலையிருந்து சனம் என்ன சொல்லுது தெரியுமோ? அவான்ரை பாட்டைக் கேட்டுத்தான் யானை ஊரைவிட்டு ஓடினதாம். ‘யானை விரட்டி’ எண்டு பேர். கிணத்தடியிலை சிரிப்பு, சங்கக் கடையிலை சிரிப்பு. மூண்டு வருசமாய் அவா ஒரு வரி பாடேல்லை. குசினிக்குள்ளை கூடப் பாடேல்லை.” மூக்கை உறிஞ்சினார். “எல்லாரும் பெண்சாதிக்குச் சீலை வாங்கிக் குடுக்கினம். நான் ஒரு சண்டை வாங்கிக் குடுப்பம் எண்டு நினைச்சன். மூண்டரைக்குக் கிண்ணம் குடுத்திடுவினம். நாலு மணிக்கு முன்னம் வாய்க்காலுக்குள்ளை கண்டெடுத்தன் எண்டு திறப்பைக் குடுத்திடுவன். அவ்வளவுதான்.”

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தேன். “சொல்லிப்போடாதேங்கோ, அத்தான். அக்காவாணை!”

“திறப்பைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டவை,” என்றார் அத்தான். “எத்தினை மணிக்கு எண்டு ஒருதரும் சொல்லேல்லை. எங்கை வைச்சிருக்கிறியள்?”

ஏரம்பு அண்ணை நாடியை நீட்டி மேடையைக் காட்டினார். வண்ணக் கடதாசி சுற்றிய அந்த ஒலிவாங்கித் தண்டு. இரண்டு கரையும் ஆறு நாளாய் வைக்கோற்போரைக் குத்திக் குத்தித் தேடிய திறப்பு, கடதாசிப் பூ வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பின்னால் கோப்பைகள் கலகலத்தன. திரும்பினோம். வாசலில் கமலாசனி அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றா. எவ்வளவு நேரம் நின்றாவோ தெரியாது. தட்டத்தை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு விறுவிறென்று போய்விட்டா. ஏரம்பு அண்ணையின் முகத்தில் இரத்தம் இல்லை.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பியது. இடக்கரை இடப்பக்கம், வலக்கரை வலப்பக்கம், நடுவில் தையற்காரர். பத்திரிகைப் பரிசுக்கு இரு கரையிலிருந்தும் ஒவ்வொரு கையெழுத்துப் பத்திரிகை வந்திருந்தது. இரண்டும் ஒரே கைகலப்பைப் பற்றியவை. இரண்டிலும் எதிரிக்குப் பலத்த சேதம். உண்மையில் சேதமானது ஒருவருடைய செருப்பு வார். பரிசைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள், ஒற்றை மாதம் இடக்கரைக்கு, இரட்டை மாதம் வலக்கரைக்கு. இலக்கியப் பரிசு அந்தச் செருப்புக்குப் பாடிய இரங்கற்பாவுக்கு.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் ஐயா பேச எழும்பினார். மூன்று இருபது. ஒலிவாங்கித் தண்டை இறுகப் பிடித்துக்கொண்டு, நாகரிகம் என்றால் என்ன, நீர்ப்பாசனம் என்றால் என்ன என்று தொடங்கினார். மூன்றரை. மூன்று நாற்பது. ஏரம்பு அண்ணைக்கு வியர்த்து ஊற்றியது.

“அந்தத் திறப்பு எங்கே?” என்று எஞ்சினியர் திறப்பை உலுக்கி உலுக்கிக் கேட்டார். “அது இங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறது! நாலு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் காவலாளிக்கு வேலை இல்லை!”

நான் வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டேன். மூன்று ஐம்பதுக்கு அவர் ஓய்ந்து இரண்டடி விலகி நிற்க, மயில்வாகனத்தார் பாய்ந்து வந்து அறிவித்தார்: “சங்கீதம்! திருமதி கமலாசனி ஏரம்பு!”

பின் வரிசை வாங்கிலிருந்து யாரோ யானை பிளிறுவதுபோலச் சத்தம் போட்டார்கள். சிரிப்பு. கமலாசனி அக்கா எழும்பி மேடைக்கு வந்தா. நீட்டிய கிண்ணத்தை ஒரு கணம் பார்த்தா. பிறகு புருசனைப் பார்த்தா, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. கிண்ணத்தைத் தொடவில்லை. ஒலிவாங்கியை அவிழ்த்து எஞ்சினியர் கையில் கொடுத்தா. கடதாசியைக் கிழித்தா. தண்டை மணலிலிருந்து உருவித் தோளில் வைத்தா.

“திறப்பு இஞ்ச இருக்கு,” என்றா.

முதலில் அலறியவர் மயில்வாகனத்தார். “ஐயோ! அப்ப யுத்தம் முடிஞ்சுதே! கிண்ணம் குடுக்கேலாதே!”

“நீங்களே வைச்சிருங்கோ. அங்கை நெல்லுக் காயுது,” என்று சொல்லிவிட்டு அவா நடந்தா. ஏரம்பு அண்ணை பின்னால் ஓடினார். சனம் அவர்கள் பின்னால்.

“யார் இதைச் செய்தது?” எஞ்சினியர் சிவந்துபோய் நின்றார். “நான் இப்போதே அறிக்கை எழுதப்போகிறேன்!”

“வடிவாய் எழுதுங்கோ, ஐயா,” என்றார் அத்தான். “களவு போன திறப்பை அரை மணித்தியாலம் நானே கையிலை பிடிச்சுக்கொண்டு, அதைக் காணேல்லை எண்டு பேசினன் எண்டு தொடங்குங்கோ. யூலிற்றா தட்டச்சிலை அடிச்சுத் தருவா.”

“கடதாசியும் கொண்டுவந்திருக்கிறன்,” என்றேன் நான்.

எஞ்சினியர் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பார்த்தார். “நாலு மணிக்கு முன்னமே வந்துவிட்டதுதானே,” என்றார். “பிறகென்ன அறிக்கை.” ஏரம்பு அண்ணையின் வேலை தப்பியது.

நாங்கள் குளக்கட்டுக்கு ஓடியபோது திறப்பைக் கிட்ட இருந்த துருசில் மாட்டியாயிற்று. ஆனால் எந்தக் கரைக்கு முதலில் தண்ணீர் என்று இரண்டு கரையும் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு நின்றன. “எங்கட முறைதான் முதல் போனது!” “உங்கட எருமைதானே எங்கட வரம்பை உழக்கினது!” தடிகள் மேலே எழும்பின. இதைக் கேட்டதும் மயில்வாகனத்தாரின் கால்களுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கட்டு நீளத்துக்கு ஓடி வந்தார்.

கமலாசனி அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஆறு நாள் கிடந்த துருசு இறுகிப்போயிருந்தது. புருசனும் பெண்சாதியும் குறுக்குப் பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். அசையவில்லை. இரண்டு பேரும் ஒன்றாய்த் தம் கட்ட வேண்டும். அதற்கு ஒரு தாளம் வேண்டும். அவா வாயைத் திறந்தா.

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்ல? எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு அடிக்கு ஒரு திருகு. கீழே தண்ணீர் முனகிக்கொண்டு வெளியே வந்தது. வாய்ச்சண்டை ஒவ்வொன்றாய் நின்றது. தடிகள் இறங்கின. பின் வரிசையிலிருந்து யானை மாதிரிக் கத்திய பெடியன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“ஐயோ, சண்டையை நிப்பாட்டிப்போடாதேங்கோ!” மயில்வாகனத்தார் கிண்ணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இரைச்சல் வராமல், கண்ணீர் விடாக்குறையாய்க் கெஞ்சினார். “இப்ப நிப்பாட்டினால் அவாவுக்குக் கிண்ணம் இல்லை! கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!”

இடக்கரைத் தலைவர் வலக்கரைத் தலைவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். பிறகு இடக்கரைத் தலைவர் பெருவிரலில் நின்று எட்டி, வலக்கரையாரின் சேட்டுக் கொலரைப் பிடித்தார். வலக்கரையார் அவருடைய நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். பின்னால் நின்றவர்களுக்கும் விஷயம் விளங்கியது. எண்பது நூறு பேர், மூச்சுச் சத்தம் கூட இல்லாமல், பாட்டுக்கு இடைஞ்சல் வராமல், ஒருவரையொருவர் தள்ளியும் குத்தியும் இழுத்தும் யுத்தம் செய்தார்கள். காதெல்லாம் துருசுப் பக்கமே இருந்தது.

மயில்வாகனத்தார் அந்தச் சண்டைக்கு நடுவால் புகுந்து போய், சட்டப்படி, கிண்ணத்தை நீட்டினார். கமலாசனி அக்காவின் இரண்டு கையும் இரும்பில். பாட்டை நிறுத்தாமலே புருசன் பக்கம் தலையை ஆட்டினா. ஏரம்பு அண்ணை ஒரு கையால் திறப்பைத் தள்ளிக்கொண்டு, மற்றக் கையால் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஊதா நாக்கு வெளியே தெரியத் தெரிய வாய்விட்டு அழுதார்.